ரமணாசிரமத்தில் ஒரு மருத்துவப் பாடம்

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் வெளிநாட்டவர் கூட்டம் பெருகிவிடும். அவர்களில், வரலாற்றையும் மருத்துவத்தையும் நேரில் பார்த்துப் படிக்கவென்று இரண்டு, மூன்று வாரங்களுக்கு இந்தியா வரும் மேலைநாட்டு மாணவர்களுக்கு இந்த ஊர் எதைக் கற்றுத்தரும்?

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் குறை சொல்ல இடமில்லை. இங்கே ஆசிரமத்தில் வாழ்ந்த ஞானி ரமணரின் கடைசி 14 மாதங்களைப் போல ஒரு பாடம் வகுப்பறையில் கிடைக்காது. 1949 பிப்ரவரியில் அவருடைய இடது முழங்கை அருகே இருந்த சிறு கட்டியை ஆசிரமத்திலேயே அகற்றினார்கள். அடுத்த மாதமே அது மீண்டும் வளர்ந்தது. சென்னையிலிருந்து டாக்டர் ராகவாச்சாரி வந்து அறுவை செய்தார். சார்கோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது. ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றபோது ரமணர் இசையவில்லை. நாட்டு வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார். ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மறுபடி அறுவை. பிறகு ஹோமியோபதி, ஆயுர்வேதம். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார்.

எந்த வைத்தியம் தோற்றது என்று கணக்குப் பார்ப்பதைவிடப் பெரிய கேள்வி இதில் உண்டு. நோயாளி தமக்கென்று எந்தச் சிகிச்சையும் கேட்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் மனம் நோகக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் உடன்பட்டார். கையை எடுப்பதற்கு மட்டும் மறுத்தார். அப்படியானால் அந்தச் சம்மதம் யாருடையது? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் மருத்துவ மாணவர் யோசிக்க வேண்டிய இடம் இது. அவருடைய பக்தை சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய ஆசிரமக் கடிதங்களில் அந்த மாதங்களின் பதிவு இருக்கிறது. அதைப் படிக்காமல் வருபவருக்கு ரமணர் மறைந்த சிறு அறை, எட்டிப் பார்த்துவிட்டு நகரும் இன்னோர் அறைதான்.

இத்தகைய பயணங்களின் பெரிய பலவீனமே இந்த வாசிப்புக் குறைவுதான். படிக்காமல் வந்தால் முதலில் கண்ணில் படுவது மசாஜ் பலகைகளும் யோகா விளம்பரங்களும். அதையே இந்திய மருத்துவம் என்று எழுதிக்கொண்டு போகலாம். நாட்கள் குறைவு என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938இல் இங்கே இருந்தது சில மணி நேரம்தான். 1944இல் வெளிவந்த அவருடைய நாவலில் அதன் சாயல் உண்டு. மாம் வந்த அதே காலத்தில் இந்தியா வந்திருந்த உளவியல் அறிஞர் யுங் திருவண்ணாமலைப் பக்கமே வரவில்லை. பின்னால் ரமணரைப் பற்றிய ஒரு நூலுக்கு நீண்ட முன்னுரை மட்டும் எழுதினார்!

மருத்துவ மாணவர்கள் என்றால் இன்னொரு சிக்கல். சொந்த நாட்டில் செய்ய அனுமதியில்லாததை ஏழை நாட்டு நோயாளியிடம் செய்து பழகுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு உலகெங்கும் உண்டு. 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கி வைத்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) வெளிநாட்டு மாணவர்களை ஏற்கிறது என்றால், அங்கே மேற்பார்வையிடப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆசிரமத்தின் இலவச மருந்தகம் அப்படிப்பட்ட இடமல்ல. மருந்துக்காக அங்கே வரும் மூதாட்டியைப் படம் பிடித்துக்கொண்டு போவது படிப்பாகாது.

பயணம் ஒருவழிப் பாதையாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வருகிறவர்கள் கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள்; நம் பிள்ளைகள் அங்கே போக விசாவும் பணமும் எளிதில் கிடைப்பதில்லை. இதே ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஏற்பாடு செய்பவர்கள் ஒரு நாளையாவது அதற்கு ஒதுக்கி, ரமணரின் நோய்க் குறிப்பை இரு தரப்பு மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து விவாதிக்க வழிசெய்யட்டும்.