நீர்மாலை

சங்கரன்கோவில் பக்கத்துத் துட்டி வீடுகளில் என் மனசு நிற்பது நீர்மாலையில்தான். மேளமும் சங்கும் முன்னே போக, நாலு முனையிலும் ஆள் பிடித்த வெள்ளை வேட்டிக்குக் கீழே, ஈரத்துணியோடு பங்காளிகள் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவார்கள். குடத்துக் கழுத்தில் பூச்சரம். அப்புறம் இறந்தவரைக் குளிப்பாட்டல். எண்ணெயும் சீயக்காயும் தேய்க்கிற கைக்கு அவசரமே கிடையாது. ஒருவர் தலையைத் தாங்க, இன்னொருவர் கண்ணில் படாமல் நுரையை வழித்துவிடுவார். இனி எரியாத கண்தான், ஆனாலும். துவட்டியபின் உடுத்தும் கோடி வேட்டி மொடமொடக்கும், கஞ்சி வாசனையோடு.

இறந்தவரைக் குளிப்பாட்டும் யூதர்களின் தஹாரா சடங்கிலும் தாரை அறாமல் நீர் ஊற்றி, பையில்லாத வெள்ளையுடை உடுத்துகிறார்கள். அங்கே உடலைக் குப்புறப் போடுவதில்லை. நன்றி சொல்ல முடியாதவருக்குச் செய்யும் இந்த வேலையை எங்கள் பக்கம் இன்னும் பதமாகவே செய்கிறார்கள்.