ஊகத்துக்கு ஒரு மார்க்

கேள்வித்தாளையும் ஒரு புஸ்தகத்தைப் போலப் படித்து அபிப்பிராயம் சொல்லலாம் என்பது என் கட்சி. மருத்துவப் படிப்புக்கான 'நீட்' பரீட்சையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஆவேசமாகப் பேசுகிறார்கள். அதன் மார்க் விதியை நிதானமாகப் படித்தவர்கள் குறைவு.

கேள்விகள் 180, மொத்த மார்க் 720. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடைகள், ஒன்றே சரி. சரியான விடைக்கு 4 மார்க். தப்புக்கு 1 கழிவு. எழுதாமல் விட்டால் பூஜ்யம். நியாயமாகத்தான் தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே தெரியாத நாலு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தப்பும். நாலில் மூன்று போக ஒரு மார்க் மிச்சம். தெரியாது என்று விட்டவருக்கு அதுவும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது வைத்தியருக்கு முதல் ஒழுக்கம். வாசற்படியிலேயே அதற்கு நஷ்டம் வைத்திருக்கிறோம்.

நஷ்டம் எல்லோருக்கும் சமமாக விழாது. தியாகராய நகரிலோ அடையாறிலோ பணம் கட்டிப் பயிலும் பையனுக்கு இந்தச் சூட்சுமத்தைச் சொல்லித்தர ஆள் உண்டு. கிராமத்துப் பெண் மார்க் போய்விடுமே என்று பயந்து விட்டுவிடலாம். நீதிபதி ஏ. கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கைப்படி, 2020-21இல் தமிழ்நாட்டில் இடம் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், பரீட்சையை மறுபடி எழுதியவர்கள். மறுபடி எழுத ஒரு வருஷச் சோறும் சம்பளமும் கொடுக்க வீட்டில் வசதி வேண்டும்.

அதற்காகப் பழைய முறையைப் புகழவும் நான் தயாரில்லை. 1970இல் இங்கே 275 மார்க்கில் 75 நேர்முகத்துக்கு என்று வைத்திருந்தார்கள். அது அதிகமாகத் தோன்றுகிறது என்று அதே வருஷம், பெரியகருப்பன் வழக்கில், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிற்று. சிபாரிசு நுழைய அவ்வளவு இடம் போதும். பொதுப் பரீட்சை அந்தக் கதவைச் சாத்துகிறது. அது பெரிய உபகாரம்.

ஆனால் பரீட்சை எதையெல்லாம் அளக்கும்? மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் சாந்தா, சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறி, எழும்பூர் ஆஸ்பத்திரியில் கிடைத்த சர்க்கார் உத்தியோகத்தை வேண்டாம் என்று, 1955இல் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போனார். அப்போது அங்கே 12 படுக்கைகள். பரீட்சை அவருடைய படிப்பைச் சரியாகவே அளந்தது. மற்றது அதன் எல்லைக்கு வெளியே இருந்தது.

ஆகவே அளவுகோலை ஒடிக்க வேண்டாம்; நிமிர்த்துங்கள். கழிவை 1 மார்க்கிலிருந்து 1⅓ ஆக்கினால் ஊகத்தின் லாபம் போய்விடும். பள்ளிக்கூடத்தில் படித்த வருஷங்களின் மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் செலவில்லாத காரியங்கள்.