பிரிந்தோர் மறுகூடலும் புதல்வனும்: சகுந்தலைக் கதையை முன்வைத்து ஒரு பார்வை

முன்னுரை

காதலித்துக் கூடிப் பின்னர்ப் பிரிந்த இருவர், தமக்குப் பிறந்த மகவின் வழியாக மீண்டும் இணைவது இக்காலப் புனைகதைகளிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் பெருவழக்காக உள்ள கதைக்கருவாகும். இதன் தொன்மையான இந்திய வடிவங்களுள் ஒன்று சகுந்தலைக் கதை. தமிழர்க்கு இது புதியதன்று. காளிதாசரின் நாடகத்தை மறைமலையடிகள் 1907இல் தமிழாக்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமி, ஜி.என். பாலசுப்பிரமணியம் ஆகியோர் நடிப்பில் 1940இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது.

எனினும், வகுப்பறைகளில் இக்கதை பெரும்பாலும் ஒரு மோதிரத்தின் கதையாகவே சுருங்கிவிடுகிறது. மோதிரம் தொலைந்தது, மன்னன் மறந்தான். மோதிரம் கிடைத்தது, மன்னன் நினைந்தான் என்பதோடு கதை முடிகிறது. இடையில் பிறந்து வளர்ந்த சிறுவன் இன்பமான முடிவுக்கு ஓர் அணியாக மட்டுமே நிற்கிறான். பிரிந்தோரின் மறுகூடலில் மகவு செய்வது என்ன, செய்ய இயலாதது என்ன என்பதை மகாபாரதம், நற்றிணை, காளிதாசர் நாடகம் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அவையில் நிற்கும் புதல்வன்

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் மோதிரமும் இல்லை. துருவாசர் சாபமும் இல்லை. கூடுவதற்கு முன்பே, தனக்குப் பிறக்கும் மகனே அரசுரிமை பெறவேண்டும் எனச் சகுந்தலை உறுதிமொழி பெறுகிறாள். ஆண்டுகள் கழிந்தபின் மகனுடன் அவைக்கு வருகிறாள். மன்னனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இருந்தும் அவளை அறியேன் என மறுக்கிறான்.

தொல்காப்பியர் களவினைக் கந்தருவ மணத்தோடு ஒப்பிடுகிறார். கூடியபின் மறுத்துரைக்கும் பொய்ம்மை தோன்றியமையால் சான்றோர் மணச்சடங்கை வகுத்தனர் என்றும் அவர் கருதுகிறார். சான்றில்லாக் கூட்டத்தின் இவ்விடரே அஸ்தினாபுரத்து அவையிலும் எழுகிறது. அங்கே புதல்வன் ஒரு சான்றாக நிறுத்தப்படுகிறான். ஆயின் அச்சான்று போதவில்லை. வானொலி எழுந்து உண்மையை அறிவிக்கவேண்டியுள்ளது. அதன் பின்னரே மன்னன், தனக்கு முன்பே தெரியும் என்றும், அவள் சொல்லை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் உலகம் ஐயுற்றிருக்கும் என்றும் கூறுகிறான். சினத்தில் அவள் கூறிய கடுஞ்சொற்களைத் தான் பொறுத்ததாகவும் சொல்கிறான். பிழை செய்தவனே மன்னிப்பு வழங்குபவனாகிறான். புதல்வனுக்கு உரிமை கிடைக்கிறது. தாய்க்கு நேர்ந்த அவமதிப்புக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

வாயிலாகும் புதல்வன்

சங்க மருதப் பாடல்களின் சூழல் வேறு. அங்குள்ளோர் கணவனும் மனைவியும் ஆவர். எனினும் பரத்தையிற் பிரிந்த தலைவன் மீள்வதில் புதல்வனுக்கு முதன்மையான இடமுண்டு. ஊடல் தணிக்கும் வாயில்களாகத் தொல்காப்பியக் கற்பியல் பன்னிருவரைக் கூறுகிறது. அப்பட்டியலில் புதல்வன் இல்லை. எனினும் அவனை முன்னிட்டுத் தலைவன் இல்லம் புகுவதைப் பாடல்கள் பலவிடத்துக் காட்டுகின்றன.

நற்றிணையின் 250ஆம் பாடல் இங்குக் குறிப்பிடத்தக்கது. தெருவில் சிறுதேர் உருட்டி நடை பயிலும் மகனைத் தலைவன் தழுவுகிறான். மகனின் வாய் பட்டு அவன் மார்பின் சந்தனம் கலைகிறது. அக்கோலத்துடனே தலைவியை நெருங்குகிறான். அவளோ அதனை வேறாகக் கருதி, வெருண்ட மான்போல் விலகி, நீ யார் என வினவுகிறாள். மகன் கலைத்த சந்தனம் பரத்தையின் சுவடாக அவள் கண்ணுக்குப் பட்டது எனக் கொள்ள இடமுண்டு. நம்பிக்கை குலைந்த இடத்தில் மகவின் அடையாளமும் பிழையாகவே படிக்கப்படும் என்பதை இச்சிறு காட்சி நுட்பமாக உணர்த்துகிறது. வாயில் திறந்திருக்கலாம், உள்ளே அழைக்கவேண்டியவள் தலைவியே.

ஆசிரமத்துச் சிறுவன்

காளிதாசரின் ஏழாம் அங்கத்தில் வருவது அவைக்குக் கொணரப்பட்ட சான்று அன்று. சிங்கக்குட்டியின் வாயைத் திறந்து பல்லெண்ண முனையும் குறும்புச் சிறுவன். இவன் தன் மகன் என அறியுமுன்பே மன்னன் அவன்மீது அன்பு கொள்கிறான். உரிமை கோராத அன்பு முதலிலும், உறவு பற்றிய அறிவு பின்னரும் வருமாறு காளிதாசர் காட்சியை அமைத்துள்ளார்.

அறத்துணையைக் கைவிட்டவனின் பெயரைச் சொல்லவும் தாபதப் பெண் மறுக்கிறாள். ஆனால் மன்னன் மகனே என விளிக்கும்போது, என் தந்தை துஷ்யந்தன், நீ அல்லன் எனச் சிறுவன் மறுக்கிறான். ஆசிரமம் உச்சரிக்க விரும்பாத பெயரைச் சிறுவன் அறிந்திருக்கிறான். தாய் அதனை அவனிடமிருந்து மறைக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். கைவிட்டவன் மீதான துயரத்தை மகனின் உள்ளத்தில் பகையாக விதைக்காத இப்பண்பு, நாடகத்தில் உரத்துப் பேசப்படாத பெருமையாகும்.

பின்னர், இவர் யார் என மகன் தாயிடம் வினவுகிறான். நற்றிணைத் தலைவி கேட்ட வினாவே இங்கு மகனின் வாயில் எழுகிறது. தந்தை என அவள் விடை தரவில்லை; உன் நல்வினையைக் கேள் என்னும் பொருள்பட மொழிகிறாள்.

ஏற்கப்படாத மோதிரம்

சாபத்தைப் புகுத்தியதன் மூலம் காளிதாசர் மன்னனின் குற்றத்தைக் கழுவிவிட்டார் என்பது இந்நாடகத்தின் மீது பலர் கூறும் குறையாகும். இக்குறையை முற்றிலும் மறுக்க இயலாது. ஆயினும் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கருதவேண்டும். மன்னன் சகுந்தலையின் அடியில் வீழ்ந்து பொறுத்தருள வேண்டுவது, மாரீச முனிவர் சாபத்தை விளக்குவதற்கு முன்பாகும். தன் மறதிக்குக் காரணம் அறியாத நிலையில், அதைத் தன் பிழையாகவே ஏற்று அவன் பணிகிறான். மகாபாரத மன்னன் மன்னிப்பை வழங்கினான், இவன் வேண்டுகிறான்.

அடுத்து நிகழ்வதே மிகவும் கருதத்தக்கது. மீண்டு கிடைத்த மோதிரத்தை அவன் அவளுக்கு அணிவிக்க விழைகிறான். அதனை நம்பேன், தாங்களே அணிந்துகொள்ளுங்கள் என அவள் விலக்குகிறாள். அடையாளத்தையே பெயரில் தாங்கிய நாடகத்தில், தலைவி அந்த அடையாளத்தை ஏற்கவில்லை. மன்னனை ஏற்கிறாள்; மோதிரத்தை ஏற்கவில்லை. தன் உண்மை மீண்டும் ஒரு பொருளைச் சார்ந்து நிற்பதை அவள் விரும்பவில்லை எனலாம்.

முடிவுரை

மூன்று பனுவல்களிலும் மகவு பெற்றோரை எதிரெதிரே கொணர்ந்து நிறுத்துகிறது. அதற்கு மேல் அதனால் இயலவில்லை. சான்றாக நிறுத்தினால் உரிமையைப் பெற்றுத்தரும். வாயிலாகக் கொண்டால் வீட்டின் முற்றம்வரை அழைத்துவரும். பிழையை ஒப்புக்கொள்ளும் பொறுப்போ பெரியோரையே சாரும். பிள்ளைக்காகச் சேர்ந்தார்கள் எனக் கதையை முடிக்கும் இக்காலப் படைப்புகள் பெரியோரின் சுமையைச் சிறியோர் தோளில் ஏற்றிவிடுகின்றன. காளிதாசர் அவ்வாறு செய்யவில்லை.

ஆகவே, இக்கதையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மீன் வயிற்றில் கிடைத்த மோதிரத்தோடு நின்றுவிடாமல், சகுந்தலை மறுத்த மோதிரத்தையும் மாணவர்க்குக் காட்டுதல் நலம். அவள் ஏன் மறுத்தாள் என்னும் வினாவை வகுப்பில் எழுப்பினால், மன்னித்தல் வேறு, மறத்தல் வேறு என்பதை மாணவர்கள் தாமே கண்டடைவர்.