கற்றவர் வெல்ல யார் தோற்பது?

சூதாட்டம் கற்பிக்கும் நூல்களையும் விமர்சனத்திற்கு எடுத்துக்கொள்வதா எனச் சிலர் முகஞ் சுளிக்கலாம். ஆயினும், உழைத்து முன்னேற வழி காணாத இளைஞரிடம் 'படித்தால் வெல்லலாம்' என வாக்களிக்கும் எந்நூலையும் நாம் புறக்கணித்தல் தகாது.

அமெரிக்கரான டொயில் பிறன்சன் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்றவர். டேவிட் ஸ்க்லான்ஸ்கி முதலிய வல்லுநரையும் துணைக்கொண்டு அவர் 1979இல் வெளியிட்ட 'சூப்பர் சிஸ்டம்' இத்துறையில் பெரும் புகழ் பெற்ற நூலாகும்.

இவ்வகை நூல்களின் சிறப்பை மறைத்தல் நேர்மையன்று. விதியென்றும் கைராசியென்றும் பேசிய மேசையிலே அவை கணக்கை வைத்தன. ஓர் எடுத்துக்காட்டு: நடுவில் 100 டொலர் கிடக்கிறது, எதிராளி மேலும் 50 டொலர் கட்டுகிறார். நாமும் 50 கட்டினால், வெல்லும்போது 150 கிடைக்கும். ஆகவே நான்கில் ஒரு முறையேனும் வெல்லும் வாய்ப்பு வேண்டும். ஒரே இனச் சீட்டு ஐந்து சேர்ந்தால் வெற்றி; நம்மிடம் நான்கு சேர்ந்துள்ளன; வரவேண்டியது கடைசிச் சீட்டு மட்டுமே. கையில் இரண்டும் மேசையில் நான்கும் போக, காணாத சீட்டுகள் 46; உதவுவன 9. வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. பின்னர் மேலும் பணம் பெற வழியில்லையெனில் சீட்டை மடக்குவதே அறிவு. ஆசையைக் கணக்கால் அடக்கும் இப்பயிற்சி வகுப்பறைக்கும் ஏற்றதே.

குறை கணக்கில் இல்லை. அக்கணக்கு நிற்கும் நிலத்தில் உள்ளது. சீட்டு மேசையில் புதிய செல்வம் எதுவும் பிறப்பதில்லை. ஒருவர் எடுப்பது இன்னொருவர் இழந்தது. சூதாட்ட விடுதியோ இடையில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. எல்லோரும் இந்நூலைக் கற்றுத் தேர்ந்து அங்கே அமர்ந்தால், எல்லோரும் சேர்ந்து நட்டமடைவர். தம் முறையை எதிராளிகள் கற்றுக்கொண்டமையால், அந்நூலை எழுதாதிருந்திருக்கலாமெனப் பிறன்சனே பின்னாளில் கூறியதுண்டு.

நிகழ்தகவை நாம் வகுப்பில் நாற்பது மாணவருக்குக் கற்பிக்கிறோம். நாற்பதாமவன் கற்றதனால் முதலாமவன் எதையும் இழப்பதில்லை. போக்கர் நூலின் ஆதாயமோ கல்லாதவன் ஒருவன் எதிரே அமரும் வரைக்குமே. அதனாலன்றோ, 'பலவீனமான எதிராளியைத் தேடி அமர்' என்பது இத்துறையின் பொதுப் போதனையாயிற்று!

இவற்றைப் படிக்க வேண்டாமென நாம் கூறவில்லை. கணக்கைக் கற்கட்டும். ஆனால் அந்தப் பலவீனன் யார், எந்த வீட்டு அடுப்புக்குரிய பணத்துடன் வந்து அமர்ந்தான் என்ற வினாவையும் வாசகர் எழுப்புதல் வேண்டும்.