ஊசியுணர்வும் தமிழ்ச் சொல்லும்: அக்குபங்சர் வினாநிரல் மொழிபெயர்ப்பில் மீள்மொழிபெயர்ப்பின் எல்லை

முன்னுரை

அக்குபங்சர் மருத்துவத்தில் ஊசி செலுத்தியபின் நோயாளி உணரும் தனித்த உணர்வைச் சீன மருத்துவர் ‘தே-ச்சி’ என்பர். ‘ச்சி வந்தடைதல்’ என்பது இதன் பொருள். இவ்வுணர்வை அளப்பதற்கு ஆங்கிலத்தில் உருவாக்கப்பட்ட வினாநிரல்களுள் 2007இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகோல் குறிப்பிடத்தக்கது. இத்தகைய வினாநிரலைத் தமிழாக்கும்போது வழக்கமான சரிபார்ப்பு முறை போதுமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலம் எது?

சீன வழக்கில் இவ்வுணர்வைக் குறிக்கும் முதன்மைச் சொற்கள் சுவான், மா, ஜாங், ஜோங் என்பன. இவற்றுள் ‘சுவான்’ புளிப்புச் சுவையையும் தசை உளைச்சலையும் சுட்டும். ‘மா’ மரத்துப்போதலையும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கில அளவுகோல் ஊர்தலையும் மரத்துப்போதலையும் தனித்தனி வினாக்களாக்குகிறது. எனவே தமிழாக்குநர் மூலமெனக் கொள்ளும் ஆங்கிலப் பிரதியே ஓரளவு மொழிபெயர்ப்புதான்.

மீள்மொழிபெயர்ப்பின் குறை

பீட்டன் முதலியோர் 2000இல் வகுத்த நெறிமுறை மொழிபெயர்ப்பு, ஒருங்கிணைப்பு, மீள்மொழிபெயர்ப்பு, வல்லுநர் குழு ஆய்வு, 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை என ஐந்து படிகளைக் கொண்டது. இவற்றுள் மீள்மொழிபெயர்ப்புக்கு மிகை மதிப்பளிப்பது பிழையான சொற்தேர்வுக்கு வழிவகுக்கும். ‘ஷார்ப் பெயின்’ என்பதைக் ‘கூர்மையான வலி’ எனத் தமிழாக்கினால் அது மாறாமல் ஆங்கிலத்திற்குத் திரும்பும். ஆயின் நோயாளி ‘சுருக்கென்று குத்துகிறது’ என்றே சொல்வார். ‘ஏக்கிங்’ என்பதற்கு ‘உளைச்சல்’ பொருத்தமான சொல். ஆயின் மீள்மொழிபெயர்ப்பாளர் அதனை மனவேதனை எனக் கொள்ளக்கூடும். இவ்வாறு வழக்கிலுள்ள சொல் விலக்கப்பட்டு, சொல்லுக்குச் சொல் பெயர்த்த தொடர் ஏற்கப்படுகிறது.

இதன் விளைவு சொல்லழகு சார்ந்தது அன்று. கேத்லீன் ஹுய் குழுவினரின் மூளைப் படிம ஆய்வுகள் தே-ச்சியையும் கூர்வலியையும் வேறுபடுத்திக் காண்கின்றன. உளைச்சல், மந்தவலி, கூர்வலி ஆகிய மூன்றையும் ‘வலி’ என்ற சொல்லாலேயே வினவினால் அவ்வேறுபாடு மறையும்.

புள்ளியியல் இதனை வெளிப்படுத்துமா எனின், க்ரோன்பாக் 1951இல் முன்வைத்த ஆல்ஃபா கெழு வினாக்களின் அக ஒத்திசைவையே காட்டும். எல்லா வினாக்களிலும் ‘வலி’ இடம்பெற்றால் விடைகள் ஒன்றையொன்று ஒத்துவர, கெழு உயரவும் கூடும். உயர்ந்த நம்பகத்தன்மை ஏற்புடைமைக்குச் சான்றாகாது.

முடிவுரை

முன்சோதனையில் வினாநிரலைக் காட்டுமுன், ஊசி செலுத்தப்பட்டவர் தம் உணர்வைத் தம் சொற்களில் கூறச்செய்து பதிவு செய்தல் வேண்டும். குடைச்சல், உளைச்சல், கடுப்பு, பாரம், விண்விண்ணென்று தெறித்தல் போன்ற வழக்குகளை வட்டார வேறுபாட்டுடன் தொகுத்து, சீனச் சொற்களோடும் ஒப்பிட்டு, அதன்பின் வினாக்களை அமைத்தல் தகும். மீள்மொழிபெயர்ப்பு துணைச்சான்றாக நிற்கலாம். சொல்லை ஏற்பதா விலக்குவதா என்பதை நோயாளியின் விளக்கமே தீர்மானித்தல் வேண்டும்.