‘நோலாகின்’ என்ற ஒரு வார்த்தை

பெங்களூரின் ‘சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி’ 2017 மே மாதம் வெளியிட்ட ஆதார் அறிக்கையைத் திரும்பப் படித்தேன். நான்கு அரசுத் தளங்கள் வழியாக 13 முதல் 13.5 கோடி ஆதார் எண்கள் வெளியே தெரிந்திருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. பத்திரிகைகள் அந்தக் கோடிக்கணக்கைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. அறிக்கையும் அதைத்தான் முன்னால் நிறுத்துகிறது. எனக்கு அங்கேதான் குறை.

அதில் ஒரு தளம், தேசிய சமூக உதவித் திட்டத்துடையது. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பில் உழைத்து ஓய்ந்த ஒரு பாட்டி வாங்கும் முதியோர் பென்ஷனும் இந்தத் திட்டத்தில் வரக்கூடியதுதான். தளத்தில் பயனாளியின் விவரங்கள் மறைத்தே காட்டப்பட்டன. ஆனால் முகவரியில் ‘நோலாகின்’ என்றிருந்த இடத்தில் ‘லாகின்’ என்று மாற்றினால் போதும், பாஸ்வேர்டே கேட்காமல் முழு விவரமும் வந்துவிடும். தலைப்புச் செய்தியாக வந்திருக்க வேண்டியது இதுதான்.

ஏன்னா இது யாரோ திருடியது இல்லை, நிரல் எழுதியவர் விட்ட ஓட்டை. கேட்பவர் யார் என்பதை சர்வர் தன் செஷனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இங்கே கேட்பவரே ‘நான் லாகின் செய்தவன்’ என்று சொன்னால் நம்பிவிட்டது! தளத்தை ஹேக் செய்யாமல் அந்தத் தரவை எடுத்திருக்க முடியாது என்கிற தொனியில் ஆதார் ஆணையம் பிறகு கடிதம் எழுதியது. ஒரு வார்த்தையை மாற்றுவதற்குப் பெயர் ஹேக்கிங் என்றால், பூட்டு எங்கே இருந்தது?

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கில்லை. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடி பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. ஹாஷ் செய்து முடிப்பதற்கு முன்பே பாஸ்வேர்டு உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டுவிட்டதாம். மறைக்கும் வேலை இருந்தது, ஆனால் தாமதமாக நடந்தது.

இரண்டிலும் கோளாறு ஒன்றே: முழு எண்ணும் நிரலுக்குள் சாதாரண எழுத்துச்சரமாகச் சுற்றுகிறது, கடைசிக் கட்டத்தில்தான் நட்சத்திரக்குறி போடுகிறோம். லாக் கோப்பை ரெஜெக்ஸ் வைத்துத் துழாவி 12 இலக்கங்களை அழிக்கும் பழக்கமும் இதே ரகம்தான். இடையில் ஒரு ஸ்பேஸ் வந்தாலே அது தவறவிடும்.

ஆதார் எண்ணுக்குத் தனி வகுப்பு ஒன்று எழுதி, அதை அச்சிட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் வரும்படி வைக்கலாம். முழு எண் வேண்டுமென்றால் தனியாக ஒரு ஃபங்ஷனை அழைக்கணும். அந்தப் பெயரைத் தேடினால், எண் எங்கெல்லாம் வெளியே போகிறது என்று ரிவ்யூ செய்பவர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கூடவே லாகின் இல்லாமல் எல்லாப் பக்கங்களையும் அழைத்து, பதிலில் முழு எண் வந்தால் பில்டையே நிறுத்தும் ஒரு சோதனை. அந்த பென்ஷன் தளத்தில் முகவரியின் மதிப்புகளையும் மாற்றிப் பார்க்கும் அப்படி ஒரு சோதனை இருந்திருந்தால், ‘லாகின்’ அன்றைக்கே மாட்டியிருக்கும்.