ஆய்வு மீனும் அதன் உணவும்

ஓர் ஆய்வைப் பிறரும் செய்து அதே முடிவினை எய்தக்கூடுமாயின் மட்டுமே அம்முடிவு ஏற்கத்தக்கதாகும். இவ்வளவுகோல் கொண்டு நோக்குமிடத்து, நீர்வாழுயிர்களை ஆய்வுகூடத்திற் பேணும் முறையில் ஒரு பெருங்குறை புலனாகின்றது. அவற்றின் உணவு செவ்வனே வரையறுக்கப்படாமையே அது.

கங்கைச் சமவெளியின் நீர்நிலைகளுக்குரிய வரிக்குதிரை மீனை 1822 இல் பிரான்சிஸ் ஹமில்ற்றன் விவரித்தார். மரபியல்பில் வேறுபாடற்ற மீன்களைப் பெறும் வழியினை 1981 இல் ஒறிகன் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் ஸ்ரைசிங்கர் வெளியிட்டார். அதன்பின் இச்சிறுமீன் உயிரியல் ஆய்வில் உயரிடம் பெற்றது. ஆயின், மரபில் எய்திய ஒருமை உணவில் எய்தப்படவில்லை. ஆய்வு எலிக்கு அமெரிக்கப் போசணை நிறுவகம் வகுத்த திருத்திய உணவுச் சூத்திரம் 1993 இல் வெளியாயிற்று. வரிக்குதிரை மீனுக்கு அத்தகைய பொதுச் சூத்திரம் இல்லாமையை 2012 இலும் வோற்ஸ், பவல், டி அப்றாமோ ஆகியோர் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது.

இம்மீனுக்கு வழக்கமாக ஊட்டப்படுவது, மிக்க உவர்நீரில் வாழ்வதும் இறாலுக்கு உறவானதுமான ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிரின் குஞ்சு. உடுப்பிட்டிக்கு அணித்தான கரணவாயின் உப்பையும், அவ்வுப்பை ஏற்றிச் செல்லத் தொண்டைமான் வெட்டுவித்தான் என மரபு கூறும் தொண்டைமானாற்றையும் அறிந்தோர்க்கு உவர்நீரின் இயல்பு புதிதன்று. மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப அது மாறுவது. இடத்துக்கு இடம் வேறுபடுவது. அந்நீரில் வளரும் உயிரும் அவ்வாறே. ஊற்றாவின் பேருப்பேரியிற் பெற்ற ஆர்ட்டீமியாவும் சான் பிரான்சிஸ்கோக் குடாவிற் பெற்றதும் கொழுப்பமில அளவில் ஒத்தனவல்ல. பொரித்தபின் ஊட்டாது வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குஞ்சின் சேமிப்புச் சத்து குறைந்து செல்லும். ஆகவே, ‘ஆர்ட்டீமியா ஊட்டப்பட்டது’ என்னும் குறிப்பு மிகச் சிறிதே உணர்த்துவதாகும்.

மீன் வளர்கின்றது, முட்டையிடுகின்றது. உணவிற் குறை யாது எனச் சிலர் வினவலாம். வளர்ப்போனுக்கு அவ்விடை போதும், ஆய்வோனுக்குப் போதாது. சோயாவிலுள்ள சப்போனின் இம்மீனின் இளங்குஞ்சுகளது குடலில் அழற்சியைத் தூண்டுவது கண்டறியப்பட்டுள்ளது. குடல் அழற்சிக்கு மருந்து தேடும் ஒருவர், தாம் இட்ட தீனியின் கூறுகளை அறியாராயின், தீனி விளைத்த நோயை வேறொன்றின்மேல் ஏற்றிக் கூறவும் நேரும்.

எனவே, எவ்விடத்து உணவு, எவ்வளவு, பொரித்து எத்தனை மணியின்பின் ஊட்டப்பட்டது என்பவற்றை ஆய்வுரை தோறும் பொறித்தல் கடன். பெரும் பொருட்செலவு வேண்டாத இவ்வொழுக்கம் உடுப்பிட்டிப் பாடசாலையொன்றின் கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்தும். மருந்தின் அளவைத் துல்லியமாக எழுதி உணவின் அளவை எழுதாது விடும் ஆய்வு, பாதி மறைக்கப்பட்ட சான்றேயாம்.